நோய் வந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் எப்படித் துணை நிற்கலாம்?

குடும்பத்தில் ஒருவர் நோயில் படுத்து, வீடே அடைந்து கிடக்கும்போது, வெளியிலிருந்து நாம் உண்மையில் என்னதான் செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, நீடாமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் எதிர்வீட்டில் ஐந்து பேரில் மூவருக்குத் தொற்று வந்தது. அந்த வீட்டு அக்காவும் எட்டு வயது மகனும் மட்டும் தப்பியிருந்தார்கள். அந்த நாட்களில் கற்றதை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். "என்ன வேணும்னாலும் கேளுங்க அக்கா" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்பார்கள் என்று இரண்டு நாட்கள் காத்திருந்தேன். அவர்கள் கேட்கவில்லை. அறுவடைக்கு அறுவடை பிறருக்கு அளந்து போட்டே பழகிய வீடு அது. மூன்றாம் நாள் காலை, "ஏழரைக்கு இட்லி, பன்னிரண்டரைக்கு ரசமும் சோறும். திண்ணையில வெச்சுட்டுக் குரல் குடுக்கிறேன்" என்று சொன்னேன். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ளைக்குக் காரம் மட்டும் கொறச்சுப் போடு" என்றார். அதனால், எதை, எந்த நேரத்தில் செய்யப் போகிறீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்து சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மாடும் வயலும் வருவதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் என்ற நம்பிக்கையில், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு அவர்கள் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். நோய் வந்த வாரத்தில் அந்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க ஆளில்லை. என் கணவரும் பக்கத்து வயல்காரரும் முறை வைத்து மோட்டார் போட்டார்கள். இரண்டு கறவை மாடுகளுக்கு வைக்கோல் போட்டுப் பால் கறந்ததும் அவர்களே. நாற்று காய்ந்திருந்தால் அந்தப் பருவமே போயிருக்கும் என்ற கவலை, காய்ச்சலோடு படுத்திருந்த அந்த வீட்டு அண்ணனை எவ்வளவு வதைத்தது என்பதை அவர் எழுந்த பிறகுதான் சொன்னார். அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த முதல் தவணை நிவாரணம் ரூ.2,000-க்கான டோக்கன் விஷயத்தையும் ரேஷன் கடையில் நாங்களே போய்ப் பேசினோம்.

மருத்துவத்தில் நம் வேலை கொஞ்சம்தான், ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வாங்கிக் கொடுத்தால், ஓய்வாக உட்கார்ந்து, எண் நிலைக்கும் வரை காத்திருந்து பார்க்க வேண்டும் என்றும், நகப்பூச்சோ குளிர்ந்த விரலோ தவறான எண்ணைக் காட்டும் என்றும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். ஆறாம் நாள் விடியற்காலையில் அக்காவின் மாமனாருக்கு 92 என்று காட்டியது. 94-க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்ததால், யாரும் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழைத்தோம். பெரியவர் ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினார்.

நோயாளியை விட அதிகமாக உடைந்து போகிறவர் பார்த்துக்கொள்கிறவர். சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் தொடங்கி அத்தனை உறவினரும் அக்காவை அழைத்து "ஆக்சிஜன் எவ்வளவு?" என்று கேட்டதில், அவர் ஒரே பதிலை நாளுக்கு இருபது முறை சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு காலையும் மாலையும் நான் மட்டும் கேட்டு, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். நான் அழைக்கும்போது, "நீங்க சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்பதை முதலில் கேட்பேன். இன்று என்றால், மனம் தாங்காத நிலையில் பேசுவதற்கு 14416 என்ற இலவச எண்ணையும் கொடுத்திருப்பேன்; அப்போது அந்தச் சேவை கிடையாது. சிறுவனுக்காக, மாலை ஐந்து மணிக்கு என் மகள் எங்கள் திண்ணையிலிருந்து விடுகதை போடுவாள். அவன் தன் திண்ணையிலிருந்து விடை கத்துவான். நடுவே தெரு முழுவதும் இடைவெளி இருந்தது.

தனிமை நாட்கள் முடிந்துவிட்டால் உதவியும் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். படுத்தவருக்கும் பார்த்துக்கொண்டவருக்கும் அசதி வாரக்கணக்கில் நிற்கும். எங்கள் தூக்குவாளிகளை அக்கா புளி போட்டுத் துலக்கி, வெறும் பாத்திரமாகத் தரக் கூடாதென்று வெல்லம் வைத்துத் திருப்பித் தந்தபோது, அதைத் தூக்கி வரக்கூட அவருக்கு மூச்சு வாங்கியது. ஜூன் நடுவில் அந்த வயலில் நடவு முடியும் வரை, மதியச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டிலிருந்து தொடர்ந்து போயிற்று.