தீவுக்கு நிவாரணப் பொருள் அனுப்ப, லாரி கப்பல் எல்லாம் சேர்த்து ஒரே ஏஜெண்டிடம் ஒப்பந்தம் போட்டால் போதுமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் அவருடைய பொறுப்பு எந்த இடத்தோடு முடிகிறது என்பதைக் கொட்டேஷனில் விரல் வைத்துப் படியுங்கள். அதைப் படிக்காமல் மாட்டிக்கொண்டவன் நான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பிப்ரவரி வாக்கில், நண்பர்கள் சேர்ந்து அந்தமானுக்குத் தெற்கே இருக்கும் கார் நிக்கோபார் தீவுக்கு அரிசி, பருப்பு, தார்ப்பாய், பாத்திரம் என்று பன்னிரண்டு டன் அனுப்பினோம். துறைமுக வேலை தெரிந்தவன் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மூன்று கொட்டேஷன் வாங்கி, இருப்பதில் குறைந்த ரேட்டுக்குக் கொடுத்தேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள். சரக்கு சொன்ன தேதிக்குப் போய்விட்டது. "சார், நம்ம பில்லு போர்ட் பிளேரோட முடிஞ்சுது" என்றார் ஏஜெண்ட். காகிதத்தைப் புரட்டினால் அப்படித்தான் இருந்தது.

அங்கிருந்து கார் நிக்கோபார் இன்னும் 270 கிலோமீட்டர் தெற்கே. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் நிர்வாகத்தின் கையில். யார் சரக்கு முதலில் ஏறும் என்பது அவர்கள் முடிவு. போதாததற்கு நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்புப் பகுதி, வெளியாள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஏஜெண்டின் ஆட்கள் ஒருவரிடமும் அது இல்லை. பதினொரு நாள் ஷெட்டில் கிடந்தது, வாடகை எங்கள் கணக்கில். அனுமதி யார் வாங்குவது, காத்திருக்கும் நாளுக்கு யார் காசு கொடுப்பது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். பருவக்காற்று நாளில் கப்பல் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். அந்த நாளெல்லாம் கணக்கில் வருமா என்பதும் அதில்தான் அடங்கும்.

சரக்கு கடைசியாகப் போனபோது கப்பல் அணையும் மேடை உடைந்து கிடந்தது. கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு இறக்கி, கரை தட்டியதும் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோளில் சுமந்தார்கள். ஐம்பது கிலோ மூட்டையை அலையில் நின்றபடி ஒரு ஆள் சுமப்பது சாமானியமில்லை. நனையாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பை போட்டுத் தைத்திருந்தோம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தோம். சென்னையில் ஏற்றும்போதே தொழிலாளிகளின் கொக்கி அத்தனை பையிலும் ஓட்டை போட்டிருந்தது. பருப்பு மூட்டையைப் பிரித்தபோது பாதி பூசணம் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு 25 கிலோவுக்கு மேல் மூட்டை கட்டுவதில்லை. "கொக்கி போடக் கூடாது" என்று ஒப்பந்தத்திலும் மூட்டையிலும் எழுதிவிடுகிறேன்.

கூலி விஷயத்தில் ஒன்று. கப்பலில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். எத்தனை டன், எத்தனை கன மீட்டர், இரண்டில் எந்த எண் அதிகமோ அதற்குத்தான் கட்டணம். மூடி போட்ட பிளாஸ்டிக் குடம் எடையில் ஒன்றுமில்லை, இடத்தில் பெரிய ஆள். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற வாளியாக வாங்கினால் கூலி பாதிக்கும் கீழே இறங்கும்.

பெரிய அரசாங்கமே சறுக்கிய இடம் இது. 2017இல் மரியா சூறாவளி அடித்த, அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில், சான் ஹுவான் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கண்டெய்னர்கள் குவிந்து கிடந்தன. உள்ளே எடுத்துப் போக டிரைவர் இல்லை, டீசல் இல்லை, ரோடு இல்லை. அதே சமயம் அமெரிக்கப் பேரிடர் நிறுவனமான ஃபெமா, அனுபவமே இல்லாத ஒரு சின்னக் கம்பெனிக்கு 3 கோடி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க 15.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 1.85 கோடி வந்திருக்க வேண்டிய நாளில் வந்தது 50,000. அதிலும் பொட்டலத்தோடு சேர்ந்தே வர வேண்டிய சூடாக்கும் பை தனியாக வந்திருந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். ரேட்டைப் பார்க்குமுன், இதே வேலையை இதற்கு முன் எங்கே செய்தீர்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, படகுக்காரர்களுக்குக் கையில் ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீது எங்கே கிடைக்கும்? ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் கைநாட்டும் வாங்கி வந்தேன். ஆடிட்டர் ஒரு வாரம் ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போது பட்ஜெட்டிலேயே "உள்ளூர்ப் படகுக் கூலி, கையொப்பப் பட்டியலின் பேரில்" என்று ஒரு வரி சேர்த்து, முன்கூட்டியே அவரிடம் காட்டிவிடுகிறேன்.