மலை ஏறும் முன் ஒரு கட்டிங் போட்டால் பயம் போகுமா?

ஆபீஸ் டூருக்கு ஊட்டி போகிறீர்கள் போலிருக்கிறது. கொண்டை ஊசி வளைவு என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கொஞ்சம் சரக்கு போட்டுக்கொண்டு பஸ் ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசனை சொன்னது நண்பர்களாகத்தான் இருக்கும். எனக்குச் சொன்னது மாமன் மகன்.

எனக்கு கோபி பக்கம். பட்டுப்புழு வளர்க்கிறோம். கூடு விற்க கர்நாடகத்து ராமநகரம் சந்தைக்குப் போக வேண்டும், வழியில் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. 2016இல் எங்கள் வேனுக்கு முன்னால் போன கரும்பு லாரி ஒன்று வளைவில் சாய்ந்தது. அன்று ஒட்டிக்கொண்ட பயம். உள்ளங்கை வேர்க்கும், மூச்சு பத்தாது, வண்டியை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவேன்.

"ஒரு கட்டிங் உடு மாப்ள, மலையே தெரியாது" என்றான். (நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன், ஓட்டவில்லை. இதைச் சொல்லாவிட்டால் கீழே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.)

பொய் சொல்லக் கூடாது, ஏறும்போது வேலை செய்தது. அடிவாரத்து பண்ணாரி தாண்டியதும் ஒரு மிதப்பு, மலை மேல் ஆசனூர் வந்ததே தெரியவில்லை. வினை மறுநாள் திரும்பும்போது. ராத்திரியும் ஒரு ரவுண்டு போட்டிருந்தோம். பாதியில் தூக்கம் கலைந்து, விடியும்போது கை நடுங்கியது. தலை தெளியட்டும் என்று சாமராஜநகரில் மூன்று ஸ்ட்ராங் காபி. இறக்கத்தின் இரண்டாவது வளைவில், இது மாரடைப்புதான் என்று முடிவு கட்டிவிட்டேன். சிக்னல் கிடைத்த இடத்தில் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நகைக்கடன் சீட்டு எந்த பீரோவில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தியமங்கலத்தில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னது: மது படபடப்பை அமுக்கித்தான் வைக்கும், போதை இறங்கும்போது அது வட்டியோடு வரும். காபி அதன் மேல் துடிப்பைக் கூட்டும். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் காஃபின் ஏறக்குறைய பாதி உடம்பில்தான் இருக்கும். பயந்தவன் அந்தத் துடிப்பையே ஆபத்து என்று நினைத்து இன்னும் பயப்படுவான். கஞ்சா அமைதி தரும் என்பார்கள். சிலருக்கு அதுவே பீதியைக் கிளப்பிவிடுமாம்.

அவர் தந்த வைத்தியம், தெளிந்த தலையோடு கொஞ்சம் கொஞ்சமாக மலை ஏறுவது. முதலில் பண்ணாரி கோயில் வரை, அப்புறம் மூன்று வளைவு, அப்புறம் பத்து. போதையில் ஏறினால் ஏற்றிவிட்டது சரக்குதான் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும், நாம் ஏறினோம் என்று அதற்குத் தெரியவே தெரியாது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இரண்டு விஷயம். தினமும் குடிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே தடாலென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம், டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள். தூக்க மாத்திரையோடு சரக்கைச் சேர்க்கவே வேண்டாம், மூச்சு அடங்கிவிடும்.

அந்த மச்சான் என் நகைக்கடன் போனை ஒரு சீர் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தான். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வைத்த மொய்யில் பாதிகூட எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு அவன் வைக்கவில்லை. நோட்டு இருக்கிறது. சரி, அது வேறு கதை.

இப்போதும் ஒன்றிரண்டு வளைவில் கண்ணை மூடிக்கொள்கிறேன். காபி, ராமநகரம் போய்ச் சேர்ந்து கூடு விற்ற பிறகுதான்.