திருடனைப் பிடித்த தம்பி மீதே வழக்கு வருமா?

கேள்வி: வடசென்னையில் குடியிருக்கிறோம். தெருவிளக்கு எரிவதில்லை, ரோந்தும் வருவதில்லை. செல்போன் பறித்து ஓடியவனை இரவு 10 மணிக்கு என் தம்பி உட்பட ஏழு பேர் துரத்திப் பிடித்துக் கம்பத்தில் கட்டினார்கள். சிலர் கட்டையால் அடித்ததில் அவன் கை முறிந்தது. காலை 7 மணிக்குத்தான் போலீஸில் ஒப்படைத்தார்கள். தம்பி அடிக்கவில்லை. அவனையும் வழக்கில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்க்க இடமிருக்கிறது. கண்ணெதிரே பறித்தவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம், பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 40-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். இங்கே 9 மணி நேரம் ஆகியிருக்கிறது. தற்காப்பு உரிமையும், பொருள் கைக்கு வந்து ஆள் பிடிபட்டபின் நிற்காது. அதன்பின் விழுந்த ஒவ்வோர் அடியும் தனிக் குற்றம்.

கட்டிவைத்ததற்கு பி.என்.எஸ். (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 127-வது பிரிவு, அதாவது சட்டவிரோதமாக அடைத்துவைத்தல். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். கட்டையை ஆபத்தான ஆயுதமாகக் கருதினால் 118(2) வரும். அதற்குத் தண்டனை ஓராண்டு முதல் ஆயுள் வரை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு. தம்பிக்குப் பெரிய சிக்கல் 190-வது பிரிவு: ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமான ஒரே நோக்கத்துடன் கூடியிருந்தால், கை வைக்காதவரும் பொறுப்பாளி. அவர் தடுத்தார், 100-க்கு அழைத்தார், பாதியில் விலகினார் என்பதற்குச் சான்று இருந்தால் அதுவே அவரைக் காக்கும். அழைப்புப் பட்டியலை உடனே எடுத்துவையுங்கள். யாராவது வீடியோ எடுத்திருந்தால் அதை அழிக்கக் கூடாது. சாட்சியத்தை அழிப்பது இன்னொரு குற்றம். வாட்ஸ்அப்பில் பரப்பவும் வேண்டாம்.

கைதுக்கு முன்பே செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேளுங்கள். போலீஸ் நோட்டீஸ் வந்தால் தவறாமல் ஆஜராக வேண்டும்; ஆஜராகாவிட்டால் அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்யலாம்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: 2018-இல் போளூர் அருகே பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியில் அடித்துக் கொல்லப்பட்ட மூதாட்டி, எந்தக் குற்றமும் செய்யாதவர். கும்பலுக்கு விசாரிக்கத் தெரியாது.

செல்போனைப் பறிகொடுத்தவர், பறிப்புக் குற்றத்துக்கான பி.என்.எஸ். 304-வது பிரிவில் தனியாகப் புகார் தரட்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தின் முன் அடிபட்டவர் மட்டுமே இருப்பார், பறித்தவர் இருக்கமாட்டார். சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே) திரும்பிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். மறுத்தால் போலீஸ் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால். அதற்கும் பலனில்லையெனில் உறுதிமொழிப் பத்திரத்துடன் பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. விளக்குக்கு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, ரோந்து கேட்டு போலீஸ் ஆணையருக்குத் தரும் தெருமக்கள் மனுவில் அதையும் சேர்த்துவிடுங்கள்.