கேள்வி – பதில்: உத்தரமும் கர்டரும்

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருடமாக ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருக்கிறேன். ட்ரஸ்ஸுக்கு (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்) என்ன அளவு ஆங்கிள் (எல் வடிவ இரும்புச் சட்டம்) போடுவது என்று கேட்டால், "போன தடவை போட்டதையே போடு" என்கிறார்கள். ஏன் அந்த அளவு என்று சொல்ல ஆள் இல்லை. மரக்கூரையும் அப்படித்தான். டிசைனை எங்கிருந்து தொடங்கிப் படிப்பது? முதலில் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாமா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். உங்கள் கையில் ஒரு பட்டறையே இருக்கிறது, கல்லூரியில் படிக்கிற பலருக்குக் கிடைக்காத விஷயம் அது.

நாளைக்கே ஒரு 50×50×6 ஆங்கிளை (இரண்டு கால்களும் 50 மி.மீ., தடிமன் 6 மி.மீ.) எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் நீளத் துண்டாக நட்டுவைத்து மேலிருந்து அமுக்கினால் அது எந்தப் பக்கம் நெளியும்? இரண்டு கால்களில் எதன் பக்கமும் இல்லை, மூலைவாட்டில் நெளியும், ஏனென்றால் அந்தத் திசையில்தான் அது மிகவும் மெலிந்தது. ஸ்டீல் டேபிளைத் (இரும்புச் சட்டங்களின் அளவு அட்டவணை) திறந்தால் அந்த அச்சுக்கு ரேடியஸ் ஆஃப் ஜைரேஷன் (நெளிவை எதிர்க்கும் திறனைக் காட்டும் அளவு) 9.6 மி.மீ. என்று இருக்கும். நீளம் 2000 மி.மீ., அதை 9.6-ஆல் வகுங்கள், 208 வருகிறது. மெலிவு விகிதம் என்பது இதுதான். நிரந்தரச் சுமையையும் உபயோகச் சுமையையும் அமுக்கமாகத் தாங்கும் உறுப்புக்கு இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 800:2007 இந்த விகிதத்துக்குத் தரும் எல்லை 180. இரண்டு முனையிலும் ஒற்றை போல்ட் போட்ட துண்டு என்றால் அது இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும், சுமை எவ்வளவு என்ற கேள்விக்கே போகவேண்டியதில்லை. அதே துண்டை இழுத்துப் பார்த்தால் தாராளமாகத் தாங்கும். இழுப்பு வேறு, அமுக்கம் வேறு என்பது மனதில் பதிந்துவிட்டால் ஸ்டீல் டிசைனில் பாதி தெரிந்த மாதிரி.

அப்புறம் காற்று. இதைத்தான் பட்டறைகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் இது. காற்றுச் சுமைக்கான தரநூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் கிடைக்கும். 50 மீட்டருக்கு 1500, அதாவது ஏறக்குறைய 150 கிலோ (கட்டட உயரம், கூரைச் சாய்வுக்கான குணகங்களை அதன் மேல் சேர்க்க வேண்டும்). தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோ சுமார். அதனால் புயல் நேரத்தில் கூரை கீழே அழுந்தாது, மேலே தூக்கும். அப்போது ட்ரஸ்ஸின் அடிச்சட்டம் இழுப்பிலிருந்து அமுக்கத்துக்கு மாறிவிடுகிறது. இழுப்புக்கென்று மெலிதாகப் போட்ட சட்டம் அந்த நேரத்தில்தான் நெளியும். 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா பக்கம் போனவர்கள் வயலில் கிடந்த ஷீட்டுகளைப் பார்த்திருப்பார்கள்.

மரத்துக்கான தரநூல் ஐ.எஸ். 883. 75×150 சட்டத்தை ஆசாரி நிமிர்த்தித்தான் வைப்பார். படுக்கப் போட்டால் வலு பாதியாகும், தொய்வு நான்கு மடங்காகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் இரும்பு மாதிரி மரம் எல்லாப் பக்கமும் ஒரே குணம் இல்லை. நார் ஓடும் வாக்கில் பலம், குறுக்கே பலவீனம். முடிச்சு எங்கே இருக்கிறது, ஈரம் எவ்வளவு, சுமை எத்தனை நாள் நிற்கிறது என்பதெல்லாம் கணக்கில் வரும். என்றைக்கும் நிற்கிற சுமைக்கு அனுமதிக்கும் அளவை 1 என்று வைத்தால், காற்று போல வந்துபோகும் சுமைக்கு 1.33 மடங்கு அனுமதி உண்டு. தாங்குமிடத்தில் சட்டத்தின் அடியில் காடி வெட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

ஐ.எஸ். தரநூல்கள் அவற்றை வெளியிடும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தளத்தில் இலவசம், ஸ்டீல் வகுப்புகள் ஐ.ஐ.டி.களின் இணைய வகுப்புத் தளமான என்.பி.டி.இ.எல்-இல் இருக்கின்றன. கையால் பத்துப் பன்னிரண்டு இணைப்புகள் போட்டு முடித்த பிறகு ஐ.ஐ.டி. பம்பாயின் ஆஸ்டாக் மென்பொருளில் சரிபாருங்கள், அதுவும் இலவசம்தான்.

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட கூரை) வீடு. தேக்கு உத்தரங்கள் நடுவில் தொய்ந்திருக்கின்றன. குறுக்கே ஒரு இரும்பு கர்டர் கொடுத்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒவ்வொரு உத்தரமும் சுவருக்குள் நுழையும் முனையில் குத்திப் பாருங்கள். நடுவில் தொய்வது பல வருடச் சுமையால் வந்திருக்கலாம், அது அவ்வளவு ஆபத்தில்லை. முனைதான் சுவரின் ஈரத்தில் உளுத்துப்போகும். குத்தினால் மாவாக உதிர்ந்தால் நடுவில் போடும் கர்டர் உதவாது, சுவர் ஓரமாக உத்தர முனைகளுக்கு அடியில்தான் தாங்கல் வேண்டும். மேலே ஒழுகுவதையும் நிறுத்தியாக வேண்டும்.

முனைகள் கெட்டியாக இருந்தால் மேஸ்திரி சொல்வது சரிதான். ஆனால் ஒரு விஷயம். நடுவில் இறுக்கமாக முட்டுக்கொடுத்த கர்டர் காலப்போக்கில் கூரைச் சுமையில் 8-ல் 5 பங்கு வரை வாங்கிக்கொள்ளும். இதுவரை சுவர் நீளத்துக்கும் பரவியிருந்த அந்தச் சுமை இனி இரண்டே இடத்தில் இறங்கும். பழைய சுண்ணாம்புச் சுவர் அதைத் தாங்குமா என்று ஒரு பொறியாளர் பார்த்து, கர்டர் முனைக்கு அடியில் கான்கிரீட் பெட் பிளாக் (சுமையைச் சுவரில் பரப்பும் கட்டை) போடச் சொல்லுங்கள். தொய்வை ஜாக்கி வைத்து நேராக்கப் போகாதீர்கள், மேலே உள்ள செங்கல் தளம் பிளந்துவிடும். இருக்கிற நிலையிலேயே ஆப்பு வைத்து இறுக்கினால் போதும்.