நிரல்மொழிக்குப் புதிய லோகோ வரைந்துவிட்டேன். சமூகத்தை ஏற்க வைப்பது எப்படி?

படத்தைக் காட்டும் முன், முடிவெடுப்பது யார் என்று பாருங்கள்: மையக் குழுவா, அறக்கட்டளையா, வாக்கெடுப்பா? பழைய லோகோவின் வணிகக்குறி யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். பெர்ல் (Perl) மொழியின் ஒட்டகச் சின்னம் ஓரெய்லி பதிப்பகத்தின் வணிகக்குறி. அதை யாரும் இஷ்டத்துக்கு மாற்றி வரைய முடியாது.

அடுத்து, "இது அழகாக இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆளுக்கொரு ரசனை, விவாதம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பழையதில் என்ன கோளாறு என்று காட்டுங்கள். உலாவித் தாவலில் 16×16 பிக்சலுக்குச் சுருக்கினால் மெல்லிய கோடுகள் கரைந்துபோகும்; கருப்புப் பின்னணியில் கருநீலம் மறைந்துவிடும். பழையதையும் புதியதையும் அதே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வாதம் முடிந்தது.

கொடுக்க வேண்டியவை: எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம்) மூலக்கோப்பு (எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றி, இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குலைந்துவிடும்), ஒற்றை நிறப் பதிப்பு, தெளிவான உரிமம்.

பல வடிவங்கள் போட்டியிட்டால் ஆளுக்கு ஒரு ஓட்டு வேண்டாம். ஒன்றுபோல் இருப்பவை ஓட்டைப் பிரித்துக்கொள்ளும், பலருக்குப் பிடிக்காத ஒன்று ஜெயித்துவிடும். ஹாஸ்கெல் மொழியின் சமூகம் 2009-இல் தன் லோகோவை, வரிசைப்படுத்தி வாக்களிக்கும் காண்டார்செட் முறையில்தான் (இரண்டிரண்டாக ஒப்பிட்டு, மற்ற எல்லாவற்றையும் வெல்வதைத் தேர்வது) தேர்ந்தெடுத்தது.

மக்கள் பாசம் வைத்த சின்னத்தைத் தொடாமல் இருப்பதும் உத்திதான். கோ மொழி 2018-இல் லோகோவை மாற்றியது; அதன் செல்லச் சின்னமான கோஃபரை (ஒரு கொறிவிலங்கு) அப்படியே விட்டுவைத்தது.