பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறும் மூளை ஸ்கேனும்: வாசகர் கேள்விகள்

எட்டு மாதமாகியும் மகனுக்குத் தலை நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில், பேசல் கேங்லியாவில் (மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி) இருபுறமும் ஒரே மாதிரி மாற்றம், மெட்டபாலிக் நோயாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நோய் உறுதிதானா?

இன்னும் இல்லை. மெட்டபாலிக் நோய் என்பது வளர்சிதை மாற்றக் கோளாறு, அதாவது உணவை உடல் பயன்படுத்தும் வேதிவினைகளில் உள்ள குறை. இருபுறமும் ஒரே இடத்தில் ஒரே அளவில் மாற்றம் தெரிந்தால், படம் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ரத்தத்தில் சேரும் நச்சோ, செல்லுக்குள் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறையோ இடது வலது பார்ப்பதில்லை. பேசல் கேங்லியா நிறைய ஆற்றலைச் செலவிடும் பகுதி. அதனால்தான் செல்லில் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறுகளில், குறிப்பாக லீ நோயில், அதுவும் மூளைத்தண்டும் அடிபடுகின்றன. ஆனால் பிறக்கும்போது கடுமையாக மூச்சுத் திணறிய குழந்தைக்கும் இதே பகுதி பாதிக்கப்படலாம். எனவே பிரசவ விவரத்தை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ரத்தத்தில் லாக்டேட், அம்மோனியா, அமினோ அமிலங்கள், அசைல்கார்னிடின், சிறுநீரில் கரிம அமிலங்கள், அப்புறம் மரபணுப் பரிசோதனை: நோய்க்குப் பெயர் சொல்லக்கூடியவை இவைதான். ஸ்கேன் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படுங்கள். தயமினை மூளைக்குள் கொண்டுசெல்லும் மரபணு பழுதானாலும் படம் ஏறக்குறைய லீ நோய் போலவே இருக்கும். ஆனால் அந்தக் கோளாறு பயோட்டின், தயமின் என்ற இரண்டு வைட்டமின்களுக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது. மரபணு முடிவு வரும்வரை காத்திருக்காமல் அவற்றைத் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

எங்கள் குழந்தைக்கு ஸ்கேன் நார்மல். அப்போ மெட்டபாலிக் நோய் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. மூளைக்குள் குளுக்கோஸ் நுழையும் வழியில் குறை இருக்கும் குளூட்-1 குறைபாட்டில் வலிப்பு வரும், ஆனால் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். முதுகுத்தண்டு நீரில் குளுக்கோஸ் குறைந்திருப்பதுதான் துப்பு. அதற்குக் கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவு என்ற சிகிச்சையும் உண்டு.

குழந்தையின் வயதையும் பார்க்க வேண்டும். நரம்பு இழைகளின் மையலின் உறை படத்தில் முதிர்ந்து தெரிய சுமார் 2 வயது ஆகிவிடும். அதற்கு முன், இந்த இழைகள் நிறைந்த வெண்பொருளில் வரும் நோய் எளிதில் ஒளிந்துகொள்ளும். சந்தேகம் தீராவிட்டால் சில மாதம் கழித்து மறுபடி எடுப்பதில் தவறில்லை.

இன்னொன்று, மூளையிலுள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி எடுத்தார்களா என்று கேளுங்கள். அதே இயந்திரத்தில் சில நிமிடங்கள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். செல்லுக்கு ஆற்றலைச் சேமிக்க உதவும் கிரியேட்டினின் குறைபாட்டில் சாதாரணப் படம் நார்மலாகவே இருக்கலாம். ஆனால் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி வரைபடத்தில் இருக்கவேண்டிய கிரியேட்டின் முகடு இருக்காது. இந்தக் குறைபாட்டின் மூன்று வகைகளில் இரண்டுக்கு கிரியேட்டினையே மருந்தாகக் கொடுக்கலாம். பல இடங்களில் முன்கூட்டியே கேட்டால்தான் இதைச் சேர்ப்பார்கள் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

மகளுக்கு எம்கேட் (கொழுப்பை எரிக்க உதவும் நொதி) குறைபாடு. ஸ்கேன் மயக்கத்துக்காக 6 மணி நேரம் உணவு கூடாது என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. வெறும் வயிற்றில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அது உங்கள் மகளால் சரியாக முடியாது, சர்க்கரை இறங்கி நினைவு தப்பக்கூடும். அதனால் சாப்பாட்டை நிறுத்தும்போதே குளுக்கோஸ் டிரிப் ஏற்ற ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஸ்கேன் முடிந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடும்வரை அது ஓட வேண்டும், இடையிடையே சர்க்கரை அளவும் பார்க்க வேண்டும். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், அவசரமில்லாத ஸ்கேனைத் தள்ளிப்போடுங்கள்.

இதையே எல்லாக் குழந்தைக்கும் பொருத்திவிடக் கூடாது. அம்மோனியாவைச் சரியாக வெளியேற்ற முடியாத யூரியா சுழற்சிக் கோளாறில் பட்டினி இருந்தால் உடலின் புரதம் உடைந்து அம்மோனியா ஏறும், அங்கேயும் குளுக்கோஸ் தேவை. குளுக்கோஸை ஆற்றலாக்கும் நொதி குறைந்த பி.டி.எச். குறைபாட்டிலோ குளுக்கோஸை அதிகம் ஏற்றினால் லாக்டேட் கூடிவிடும். லாக்டேட் ஏற்கெனவே கூடியிருக்கும் மைட்டோகாண்ட்ரியா நோயாளிக்கு ரிங்கர் லாக்டேட் டிரிப்பைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். மயக்க மருத்துவரும் மெட்டபாலிக் மருத்துவரும் ஸ்கேனுக்கு முன்பே பேசிக்கொள்வது கட்டாயம். முதல் மூன்று மாதக் குழந்தைக்கு மயக்க மருந்தே வேண்டாம் என்றுகூட ஆகலாம். பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றித் தூங்கவைத்தே பல சமயம் எடுத்துவிடலாம்.

மூத்தவனுக்கு அட்ரினோலியுகோடிஸ்ட்ரோபி (மூளையின் வெண்பொருளைச் சிதைக்கக்கூடிய மரபணு நோய்). மரபணுச் சோதனையில் நான்கு வயது இளையவனுக்கும் இருப்பது தெரிந்தது. ஓடியாடி விளையாடுகிறான், அவனுக்கு எதற்கு 6 மாதத்துக்கு ஒரு ஸ்கேன்?

அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே எடுப்பதில்தான் பயன். இந்த மரபணு மாற்றம் உள்ள எல்லாப் பையன்களுக்கும் சிறுவயதில் மூளை பாதிக்கப்படுவதில்லை. பாதிக்கப்பட்டால், அறிகுறி தெரியும் முன்பே எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் தெரிந்துவிடும். பெரும்பாலும் மூளையின் பின்பக்க வெண்பொருளில் தொடங்கும். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை அந்த ஆரம்பக் கட்டத்தில்தான் நன்றாகப் பலன் தருகிறது, நடையும் பார்வையும் தடுமாறிய பிறகு செய்தால் கிடைப்பது மிகக் குறைவு. படத்தில் தெரியும் பாதிப்பை லோஸ் மதிப்பெண் என்று 34-க்கு அளக்கிறோம், மதிப்பெண் கூடினால் பாதிப்பு அதிகம். 3 முதல் 12 வயது வரை இந்த அட்டவணையைத் தவறவிடாதீர்கள்.

கான்ட்ராஸ்ட் மருந்து (படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றுவது) போட்டே ஆக வேண்டுமா?

பெரும்பாலான மெட்டபாலிக் நோய்களுக்கு வேண்டாம். அட்ரினோலியுகோடிஸ்ட்ரோபியில் மாற்றம் தெரியும்போது அது தேவைப்படும், அழற்சி தீவிரமாக நடக்கிறதா என்பதைக் காட்டும். இந்த மருந்திலுள்ள கடோலினியம் என்ற உலோகத்தின் சுவடு உடலில் தங்குவது உண்மை. அந்த உலோகத்தைக் கூண்டுபோல் இறுக்கிப் பிடிக்கும் மேக்ரோசைக்ளிக் வகையில் அது குறைவு.

தலை பெரிதாகிறது என்று ஸ்கேன் எடுத்தோம். மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு இருக்கிறதாம், குழந்தையை யாராவது குலுக்கினீர்களா என்று கேட்கிறார்கள்!

அவமானமாக இருக்கும், புரிகிறது. ஆனாலும் அதைக் கேட்பது அவர்கள் கடமை. கூடவே, லைசின் முதலிய அமினோ அமிலங்களை உடல் சரியாக உடைக்க முடியாத குளூட்டாரிக் அசிடூரியா வகை 1 இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மூளையின் பக்கவாட்டு மடிப்புகள் அகலமாகத் திறந்திருக்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடைவெளி கூடுவதால் இடையிலுள்ள சிரைகள் இழுபட்டு, லேசான அடியிலேயே கசியலாம். அந்த அகன்ற மடிப்புகள் இல்லாமல் கசிவு மட்டும் இருந்தால், இந்த நோயைக் காரணமாகச் சொல்வது கடினம். சிறுநீர்க் கரிம அமிலப் பரிசோதனையை உடனே செய்யுங்கள். நோய் இருந்து, இன்னும் பேசல் கேங்லியா கெடவில்லை என்றால், லைசின் குறைந்த உணவு, கார்னிடின், காய்ச்சல் வந்தவுடன் அவசர சிகிச்சை ஆகியவற்றால் அதைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

பி.கே.யூ. (ஃபினைலலனைன் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் சேரும் நோய்) உள்ள மகளின் படத்தில் வெள்ளைத் திட்டுகள். போகுமா?

ஃபினைலலனைன் அளவைச் சில மாதங்கள் கட்டுக்குள் வைத்தால் பெரும்பாலும் குறையும். திட்டின் அளவை வைத்து அறிவுத்திறனைக் கணிக்க முடியாது. அதைப் பார்க்க மட்டும் அடிக்கடி ஸ்கேன் எடுக்காதீர்கள், ரத்தப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்தால் போதும்.