குரூப் போட்டோவில் யாரை அழித்தாய்?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். 2019இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒன்றாகவே வந்த 38 பேர், பிரிவு உபசார விழாவுக்கு நினைவு மலர் போடுகிறோம். ஆளுக்கு 250 ரூபாய். பொறுப்பு என் தலையில். யார் படம் முதலில் வருவது என்று சண்டை. சிலர் மூன்று பக்கம் எழுதித் தருகிறார்கள், பாதிப் பேர் ஒரு வரிகூடத் தரவில்லை. பரீட்சை நேரத்தில் இது தேவையா என்று அம்மா தினமும் திட்டுகிறார். ஆறாம் வகுப்பு குரூப் போட்டோவை முதல் பக்கத்தில் போடுகிறோம். நடுவில் படிப்பு நின்றுபோன மூன்று பேரில் இரண்டு பையன்கள் ஓரத்தில் இருந்ததால் வெட்டிவிட்டோம். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகிப் பீடி சுற்றப் போய்விட்ட பெண்ணை மட்டும் ஆப் வைத்து அழித்தோம். அவள் தோள்மேல் இருந்த என் கைதான் சரியாக வரவில்லை, அந்தரத்தில் நிற்கிறது. அவள் தம்பி எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான், பார்த்தால் ஏதாவது நினைப்பானோ? எல்லோரையும் ஒத்துப்போக வைக்க என்ன வழி?
– பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: படச் சண்டையும் பக்கச் சண்டையும் எல்லா வருஷமும் எல்லாப் பள்ளியிலும் நடப்பது. அது கிடக்கட்டும். முதலில் அந்தக் கைக்கு வா.

தோளில் கை போட்டு நிற்கிற அளவுக்குச் சிநேகிதியாக இருந்தவளை அழித்திருக்கிறாய். அதற்காக ஒரு வரி வருத்தம் உன் கடிதத்தில் இல்லை. கை ஒழுங்காக வரவில்லை என்பதுதான் உன் குறை. தம்பி பார்த்தால் என்ன நினைப்பான் என்று கேட்கிறாயே, அப்போதே தெரிகிறது, செய்தது தப்பு என்று உனக்கே தெரியும். அந்தப் படத்தை இன்றைக்கே தூக்கிப் போடு. ஒரிஜினலை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்யச் சொல். 41 பேரும் இருக்கட்டும். கீழே 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று வரிசை வரிசையாகப் பெயர் போடு, மூவர் பெயரும் அவரவர் நின்ற இடத்தில் வரட்டும்.

உங்கள் செட்டின் கதையையும் கொஞ்சம் யோசித்துப் பார். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். உங்கள் வகுப்புக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. ஏழாம் வகுப்பை நீங்கள் ஒருவர்கூட பெஞ்சில் உட்கார்ந்து படிக்கவில்லை. இயற்கணிதத்துக்கு அடிப்படை போடுகிற வருஷம் அது. வீட்டில் போன் இருந்தவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தைப் பார்த்தீர்கள், இல்லாதவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி. பரீட்சை வைக்காமலே எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டார்கள். அந்த விட்டுப்போன கணக்கு பத்தாவதில் வட்டியோடு வந்து நின்றது. நீ தப்பித்தாய், அவள் மாட்டிக்கொண்டாள். மலரில் எழுத வேண்டியது இதைத்தான். 'மறக்க முடியாத நாட்கள்' என்று 38 பேரும் ஒரே கட்டுரையை எழுதினால் யார் படிப்பார்கள்?

மகள் ஒரு பாடத்தில் போனாள் என்பதற்காக அவள் படிப்பை நிறுத்திவிட்டு, மகனை அதே பள்ளிக்கு அனுப்புகிற வீட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வீட்டுக் கஷ்டத்தில் பிள்ளைகளும் தோள் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் கஷ்டம் வந்த அன்றைக்கு முதலில் மகளின் நோட்டுப் புத்தகம்தான் எடைக்குப் போக வேண்டுமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போ. யூனிஃபார்மில் பத்துப் பேராகப் போய் நிற்காதே, உன் அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போ. பெரியவர்கள் இருவர் உட்கார்ந்து பேசினால்தான் அந்த வீட்டில் பேச்சு நகரும். அவள் மடியிலிருக்கிற பீடித் தட்டைக் கீழே வைக்கச் சொல்லாதே. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, நீ உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் அவள் கணக்கில் குறையும். தகடு வைத்து இலை வெட்டிக்கொண்டே, நூல் கட்டிக்கொண்டே அவளால் பேச முடியும். படம் போடலாமா என்று அவளையும் கேள், பெற்றவர்களையும் கேள். இப்போதைய படம் வேண்டாம் என்றால் விட்டுவிடு, பேர் மட்டும் போதும். பையன்கள் இருவரும் வெளியூரில் வேலையில் இருந்தால் வீட்டில் நம்பர் வாங்கி, லீவு நாளில் கூப்பிடு.

'இடையில் நின்றவர்கள்' என்று கடைசியில் தனிப் பெட்டி கட்டிவிடாதே, அழித்ததைவிட அது மோசம். 41 பேரும் அகர வரிசையில், ஆண் பெண் பிரிக்காமல் வரட்டும். உன் படச் சண்டையும் அத்தோடு தீர்ந்தது. ஏன் நின்றார்கள் என்று ஒரு வார்த்தை வேண்டாம். யாருடைய போன் நம்பரும் வேண்டாம், குறிப்பாகப் பெண்களுடையது. மலர் எந்தக் கடையில் பொட்டலம் மடிக்கப் போகும் என்று உனக்குத் தெரியாது.

ஆளுக்கு அரைப் பக்கம், 60 வார்த்தை. மூன்று பக்கம் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து வெட்டச் சொல், நீ வெட்டினால் பகைதான் மிஞ்சும். எழுதாதவர்களிடம் 'எழுது' என்று நச்சரித்தால் வராது. ஏழாம் வகுப்பு நாட்களில் வீட்டில் போன் யாரிடம் இருந்தது, பள்ளி திறந்த அன்று பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்று வாயால் கேட்டு நீயே குறித்துக்கொள்.

41 பேருக்கு 21 பக்கம், அட்டை 4, குரூப் போட்டோ 1, ஆசிரியர்களுக்கு 3, அந்த ஏழாம் வகுப்புக்கு 3. மொத்தம் 32. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலின் மடங்கில்தான் நிற்கும், 33 ஆனால் மூன்று வெற்றுப் பக்கத்துக்கும் காசு கொடுப்பாய். இத்தனை குறைந்த பிரதிக்கு ஆஃப்செட் கட்டாது, பிளேட் செலவே தின்றுவிடும். டிஜிட்டல் பிரிண்ட் போதும். உள்ளே 80 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மேப்லித்தோ தாள், அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு. படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல். 6 செ.மீ. அகலத்தில் அச்சாகிற படத்துக்கு 700 பிக்சலாவது வேண்டும்.

போனில் யூனிகோடில் அடித்ததை டிடிபி கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போதுதான் கொம்பும் காலும் இடம் மாறும். அதனால் திரையில் பார்த்து 'சரி' என்று சொல்லிவிடாதே. தாளில் புரூஃப் வாங்கி, ஒவ்வொருவரும் தன் பேரையும் இனிஷியலையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அச்சுக்குக் கொடு. அந்த மூவருக்கும் ஆளுக்கொரு பிரதி, காசு வாங்காதே. 750 ரூபாயை 38 பேர் பகிர்ந்தால் தலைக்கு 20 ரூபாய்கூட வராது. முணுமுணுப்பவன் முணுமுணுக்கட்டும்.

அம்மா திட்டுவது சரி. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. மலர் வேலை ஞாயிறு மட்டும், அதுவும் ஜனவரியோடு முடிய வேண்டும்.

உன் பரீட்சை முடிந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. அவள் போனது கணக்கில் மட்டும்தான் என்றால், அந்த ஒரு பாடத்தை எழுதி 35 எடுத்தால் போதும், மற்றவை கைவசம். கோடையில் பொதுத்தேர்வு முடிவு வந்த பிறகு துணைத் தேர்வு அறிவிப்பார்கள், விண்ணப்பிக்கக் கிடைக்கிற நாட்கள் கொஞ்சம்தான். ஏப்ரலில் உனக்குப் பொழுது கிடைக்கும், அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடு. தேறிவிட்டால் ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ சேரலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இதை அவள் அப்பாவிடம் உன் அம்மா சொல்லட்டும். துணைத் தேர்வு விண்ணப்பத்துக்கு அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று வேண்டும். அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போகும்போதே கேட்டுவிடு.